எம்மா பீல் ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் செய்யும் தப்புகள்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கே பேசப்போகும் ‘தி அவெஞ்சர்ஸ்’ மார்வெல் ஆட்கள் இல்லை. 1961 ஜனவரியில் பிரிட்டனின் ஐடிவி சேனலில் தொடங்கி 1969 வரை ஓடிய உளவுத் தொடர் இது. பவுலர் தொப்பியும் குடையுமாக ஜான் ஸ்டீட் என்ற பாத்திரத்தில் பேட்ரிக் மெக்னீ, அவருக்குச் சரிசமமாக ஒரு பெண், இதுதான் தொடரின் அடையாளம். அந்தப் பெண்களில் ஒருவர்தான் எம்மா பீல். மார்வெல் படம் 2012-ல் வந்தபோது பிரிட்டனில் அதற்கு ‘அவெஞ்சர்ஸ் அசெம்பிள்’ என்று பெயர் மாற்றித்தான் வெளியிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்தும் அந்த ஊரில் பழைய ஜோடிக்கு அவ்வளவு மவுசு. ஆகவே ‘அவெஞ்சர்ஸ் கேட்சூட்’ (கேட்சூட் என்றால் உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு உடை) என்று தேடி, வந்து விழுகிற மார்வெல் நாயகி பிளாக் விடோவின் படங்களை வைத்து அறுபதுகளின் ஃபேஷனைப் பற்றி முடிவுக்கு வருவதுதான் முதல் தப்பு. இது சின்னத் தப்பு, சுலபமாகத் திருத்திக்கொள்ளலாம். மற்றவை கொஞ்சம் ஆழமானவை.

எம்மா பீலாக நடித்தவர் டயானா ரிக். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்தவர்களுக்கு ஒலென்னா பாட்டி என்றால் உடனே தெரியும். அப்பாவுக்கு பிகானேரில் ரயில்வே வேலை என்பதால் எட்டு வயது வரை ராஜஸ்தானில் வளர்ந்தவர். 1965-ல் தொடருக்குள் வந்து மொத்தம் 51 கதைகளில் எம்மாவாக நடித்தார், அவ்வளவுதான். ஆனால் ‘அறுபதுகளின் ஸ்டைலான நாயகி’ என்று சொன்னாலே இன்றும் பலருக்கு அவர் முகம்தான் வருகிறது, கூடவே ஒரு கறுப்புத் தோல் உடையும் வருகிறது. அந்தத் தோல் உடையில்தான் பெரிய தப்பே ஆரம்பிக்கிறது.

தோல் உடை எம்மா கொண்டுவந்தது கிடையாது. அது அவருக்கு முன்னால் 1962 முதல் 1964 வரை ஸ்டீடுக்கு ஜோடியாக இருந்த கேத்தி கேல், அதாவது ஆனர் பிளாக்மேன் விட்டுப்போன சொத்து. அதற்குப் பின்னால் அலங்கார யோசனையைவிட அவசரம்தான் அதிகம். அன்றைக்கு இந்தத் தொடரை ஸ்டூடியோவில் வீடியோ டேப்பில், கிட்டத்தட்ட நேரடி ஒளிபரப்பு மாதிரி நிறுத்தாமல் எடுத்தார்கள். சண்டை நடுவில் கால்சட்டை கிழிந்தால் ‘கட்’ சொல்லித் தைத்துப் போட்டுக்கொண்டு வர முடியாது. கிழியவும் கிழிந்தது. பிளாக்மேன் ஜூடோ கற்றுக்கொண்டு நிஜமாகவே ஆட்களைத் தூக்கிப் போட்டவர், சாதாரணத் துணி எவ்வளவு தாங்கும்? கிழியாத ஒன்று வேண்டும் என்ற தேவையில்தான் தோல் வந்தது, தோலுக்குப் பொருத்தமாக நீள பூட்ஸ் வந்தது. அதற்கு அப்புறம் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு வேறு வேறு அர்த்தம் கற்பித்தது தனிக் கதை. 1964-ல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்துக்காகப் பிளாக்மேன் விலகினார்.

ரிக் வந்தபோது அந்தத் தோல் உடையையே அவருக்கும் மாட்டிவிட்டார்கள். அவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. போடவும் கழற்றவும் பெரும்பாடு, விளக்கு வெளிச்சத்தில் வேகும், அசைந்தால் சத்தம் வரும். கறுப்பு வெள்ளைக் கதைகள் சிலவற்றில் தோலில் வருகிறார், அதற்குப் பிறகு சண்டைக்கான உடை இழுபடும் ஜெர்சி துணிக்கு மாறிவிடுகிறது. அப்படியிருந்தும் ‘எம்மா என்றால் தோல்’ என்ற நினைப்பு ஏன் போகவில்லை? ஒரு காரணம் அமெரிக்கா. 1966-ல் அங்கே ஒளிபரப்பானபோது ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஒரு சின்ன அறிமுகக் காட்சி சேர்த்தார்கள்: பெரிய சதுரங்கப் பலகை, அதன்மேல் விழுந்து சாகும் ஓர் ஆள், ஷாம்பெயினோடு ஸ்டீட், பக்கத்தில் இறுக்கமான கறுப்பு உடையில் துப்பாக்கியை பூட்ஸுக்குள் செருகிக்கொள்ளும் எம்மா. கதைக்குள் அவர் என்ன போட்டிருந்தாலும், வாராவாரம் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கறுப்பு உடைதான். 1998-ல் வந்த ஹாலிவுட் படமும் உமா துர்மனைக் கறுப்பு கேட்சூட்டில் நிறுத்தி விஷயத்தை இன்னும் கெடுத்தது. இன்றைக்கு ரெட்ரோ பார்ட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எம்மா பீலை நகலெடுப்பதில்லை, நகலின் நகலைத்தான் எடுக்கிறார்கள்.

அடுத்தது, பெருமையைத் தப்பான ஆளுக்குக் கொடுப்பது. மினி ஸ்கர்ட் என்றால் லண்டன் டிசைனர் மேரி குவாண்ட், வெள்ளை பூட்ஸ் என்றால் பாரிஸ் டிசைனர் கூரேஜ், ஆகவே எம்மாவின் உடைகளும் இவர்களில் ஒருவருடையதாகத்தான் இருக்கும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். கிடையாது. அந்தக் கறுப்பு வெள்ளை சீசனின் உடைகளுக்குச் சொந்தக்காரர் ஜான் பேட்ஸ். ‘ஜான் வாரோன்’ என்று பிரெஞ்சுக்காரர் பெயர் மாதிரி ஒலிக்கும் பெயரில் கடை நடத்திய அசல் ஆங்கிலேயர், வடக்கே நார்தம்பர்லாந்தைச் சேர்ந்தவர். பாரிஸ் வாசனை இருந்தால்தான் துணி விற்கும் என்று நினைத்த காலம் அது. பேட்ஸ் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்தான். பாத் நகரத்து ஃபேஷன் அருங்காட்சியகம் வருஷத்துக்கு ஓர் உடையைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வைத்துவந்தது, 1965-ம் ஆண்டுக்குத் தேர்வானது அவருடைய உடை, இடுப்புப் பகுதியில் வலைத்துணி வைத்தது. இவ்வளவு இருந்தும் குவாண்டின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாமல் போனது எனக்கு இன்றும் அநியாயமாகத்தான் படுகிறது.

இதில் ஒரு கிளைத் தப்பும் உண்டு: எல்லாமே பேட்ஸ் செய்தது என்று அள்ளிவிடுவது. ரிக்கின் தொடக்கக் கதைகள் சில படமானபோது பேட்ஸ் உள்ளேயே வரவில்லை, அந்தக் கதைகளில் உடைகள் கொஞ்சம் கலவையாகத்தான் இருக்கும். 1967-ன் வண்ணக் கதைகளுக்கு டிசைனர் ஆலன் ஹியூஸ். சந்தேகம் வந்தால் வேறெங்கும் போக வேண்டாம், கதை முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ரிக்கின் உடைகள் யார், மெக்னீயின் சூட்டுகள் யார் என்று அதிலேயே போட்டிருப்பார்கள்.

பேட்ஸ் செய்த வேலையில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மினி ஸ்கர்ட் லண்டன் தெருக்களுக்கு வந்துவிட்டிருந்தது, ஆனால் டிவிக்காரர்களுக்கு இன்னும் கை நடுக்கம். ஸ்கர்ட் ஓரத்தில் துணி விட்டு மடித்துத் தைத்திருந்தால், குட்டையாக இருக்கிறது என்று யாராவது முனகும்போது பிரித்து இறக்கிவிடலாம், நம் வீடுகளில் வளர்கிற பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற அதே தந்திரம். அவர்கள் அப்படி இறக்குவதைப் பார்த்துப் பேட்ஸ் ஒரு வேலை செய்தார் என்பார்கள்: ஓரத்தில் துணியே விடாமல் தைத்து அனுப்பினார். இறக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. வேண்டுமென்றால் இப்படியே எடுங்கள், இல்லையென்றால் வேறு உடை தேடுங்கள். எடுத்தார்கள்.

இன்றைக்கு அந்த மாதிரி உடை தைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். அகலமாக மடித்து, இரண்டு வரிசை தையல் போட்டு, ஓரத்தைக் கனமாக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஸ்கர்ட் தொங்குகிறது, அந்தக் கூர்மையான கோடு போய்விடுகிறது. உயரம் எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம், முழங்காலுக்குச் சற்று மேலேயே நிறுத்தினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஓரம் மட்டும் மெல்லியதாக, சுத்தமாக வெட்டிய மாதிரி இருக்கட்டும்.

கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் பட்டைகளும் அடுத்த பொறி. பிரிட்ஜெட் ரைலி போன்ற ஓவியர்களின் ஆப் ஆர்ட், அதாவது கண்ணை ஏமாற்றும் கோடும் வளைவுமான ஓவியங்கள், அந்த வருஷங்களில் லண்டனிலும் நியூயார்க்கிலும் பேச்சாக இருந்தன. பேட்ஸ் அதை உடைக்குக் கொண்டுவந்தார். அம்பு எய்யும் இலக்குப் பலகை மாதிரி வட்டம் போட்ட பெரே தொப்பி, இரண்டாகப் பிளந்தாற்போன்ற கறுப்பு வெள்ளைக் கோட்டு, இதெல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆனால் கடையில் கறுப்பு வெள்ளையில் எந்தக் கோடு போட்ட துணி கிடைத்தாலும் அதை ‘எம்மா’ என்று வாங்கிவிடக் கூடாது. பிரிட்டனில் அந்தத் தொடரை மக்கள் பார்த்தது படத்தை வெறும் 405 கிடைக்கோடுகளில் காட்டிய டிவியில், இன்றைய ஃபோன் திரையோடு ஒப்பிட்டால் புழுதிக் காற்றுக்குள் பார்ப்பது போல. நெருக்கமான மெல்லிய கோடுகள் அதில் நெளியும், மினுங்கும், நடிகையின் முகத்தைப் பார்க்கவே விடாது. அகலமான பட்டை, பெரிய வட்டம், தெளிவான எல்லை, இவைதான் அந்தத் திரையில் நிற்கும். எம்மாவின் ஆப் ஆர்ட் உடைகளில் வடிவம் பெரிது, எண்ணிக்கை குறைவு. ஒரே உடம்பில் சட்டையில் கட்டம், ஸ்கர்ட்டில் பட்டை, காலில் புள்ளி என்று போட்டுக்கொண்டு நிற்பது சர்க்கஸ் ஆகிவிடும்.

இப்போது நிறத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 1967 கதைகள் வண்ணத்தில் எடுக்கப்பட்டவை. ஆலன் ஹியூஸ் அதற்கென்றே இழுபடும் ஜெர்சியிலும் கிரிம்ப்ளீன் என்ற செயற்கைத் துணியிலும் பளிச்சென்ற நிறங்களில் ஒரே துண்டான கேட்சூட்டுகளைச் செய்தார். ‘எம்மாபீலர்’ என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. ஊதா, கடுகு மஞ்சள், நீலம், பக்கவாட்டில் வேறு நிறப் பட்டை. இதையெல்லாம் பார்த்துவிட்டு ‘அறுபதுகளின் பிரிட்டிஷ் குடும்பங்கள் இந்த நிறங்களை டிவியில் பார்த்து அசந்து போயின’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அசந்து போயிருக்க முடியாது. ஐடிவி வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியதே 1969 நவம்பரில்தான், அதற்குள் தொடரே முடிந்துவிட்டது. வண்ணத்துக்குச் செலவழித்தது அமெரிக்க ஏபிசி நிறுவனத்துக்கு விற்பதற்காக. உள்ளூர் ரசிகர்கள் அந்த ஊதாவையும் மஞ்சளையும் சாம்பல் நிறத்தில்தான் பார்த்தார்கள். எம்மாவின் புகழ்பெற்ற நிறங்களை முதலில் கண்டு ரசித்தவர்கள் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்.

ஆகவே இரண்டு எம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 1965-66-ன் கறுப்பு வெள்ளை எம்மா, பேட்ஸின் கூர்மை, மினி, பெரே, தட்டையான பூட்ஸ். இன்னொருவர் 1967-ன் வண்ண எம்மா, ஹியூஸின் கேட்சூட். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். இலக்கு வட்டம் போட்ட பெரே தொப்பியையும் ஊதா எம்மாபீலரையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதோடு 1968-69-ல் லிண்டா தோர்சன் நடித்த தாரா கிங்கின் உடைகளையும் கலந்துவிட்டு ‘அவெஞ்சர்ஸ் லுக்’ என்று பொதுவாகப் பெயர் வைப்பவர்களை என்ன சொல்வது.

முடி, ஒப்பனை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமேல் கோபுரம் கட்டிய கொண்டை எம்மாவுக்குக் கிடையாது. தோள்வரை விழும் செம்பழுப்பு முடி, நுனியில் லேசாக வெளியே திரும்பியிருக்கும், அவ்வளவுதான். அன்றைய மாடல் ட்விக்கி மாதிரிக் கீழ் இமையில் ஒவ்வொரு மயிராக வரைய வேண்டாம். கடைகளில் ‘60’ஸ் கேர்ள்’ என்று ஒரு பாக்கெட்டில் போட்டு விற்கும் டெய்சிப் பூக் கம்மல், நியான் விக் இவற்றுக்கும் எம்மாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அப்புறம் முள் வைத்த கழுத்துப் பட்டை. 1966-ல் வந்த ‘எ டச் ஆஃப் பிரிம்ஸ்டோன்’ என்ற ஒரே ஒரு கதையில், பதினெட்டாம் நூற்றாண்டு உல்லாசக் கூட்டத்தைப் போல நடிக்கும் ஒரு கும்பலுக்குள் எம்மா மாறுவேஷத்தில் நுழைகிறார், இடுப்பை இறுக்கும் கோர்செட்டும் முள் பட்டையும் பாம்புமாக. அமெரிக்க ஏபிசி அந்தக் கதையை ஒளிபரப்பவே மறுத்துவிட்டது, மறுத்ததாலேயே அந்தப் புகைப்படம் சாகாவரம் பெற்றுவிட்டது. கதைக்குள்ளேயே அது வேஷம். எம்மாவின் அலமாரியில் இருந்த உடை என்று அதைக் காட்டுவது, வில்லன் வீட்டுக்குத் தபால்காரராக நுழைந்த போலீஸ்காரரைத் தபால்துறை என்று எழுதுவதற்குச் சமம்.

இன்னொரு தப்பு, எம்மாவைத் தனியாக வெட்டியெடுத்துப் பார்ப்பது. ஸ்டீட் இல்லாமல் இந்த உடைகளுக்குப் பாதி அர்த்தம் போய்விடும். அவர் பழைய இங்கிலாந்து: கச்சிதமான மூன்று துண்டு சூட், பவுலர், குடை, பழங்கால பென்ட்லி கார். எம்மா அன்றைய இங்கிலாந்து: லோட்டஸ் எலான் கார், இழுபடும் துணி, தெருவில் போன மாதம் வந்த வெட்டு. இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் நிற்கும்போதுதான் யார் எதைக் கேலி செய்கிறார்கள் என்று தெரியும். 1967-ல் ஸ்டீடின் சூட்டுகளை வடிவமைத்தவர் பாரிஸின் பியர் கார்டின் என்பது இன்னும் வேடிக்கை. இங்கிலீஷ் ஜென்டில்மேனுக்கு பிரெஞ்சு டிசைனர், நவீனப் பெண்ணுக்கு உள்ளூர் ஆள். பார்ட்டிக்கு ஜோடியாகப் போகிறவர்கள் எம்மாவுக்கு மட்டும் செலவழித்துவிட்டுக் கூட வருகிறவரை ஜீன்ஸில் நிறுத்தாதீர்கள்.

அசைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்சிக்குப் போனதே காலைத் தூக்கி உதைப்பதற்குத்தான். ரே ஆஸ்டின் அமைத்த சண்டைகளில் ரிக்கும் அவருக்குப் பதிலாகக் குதித்த சிட் சைல்டும் அந்த உடையில்தான் புரண்டார்கள். பெரும்பாலும் தாழ்ந்த குதிகால்தான், இத்தனைக்கும் ரிக் 5 அடி 8 அங்குலத்துக்குக் குறையாத ஆள், ஏற்கெனவே உயரம். கேட்சூட் தைத்துப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் போதாது. தாழ்வான காரில் ஏறி இறங்கிப் பாருங்கள், ஒரு காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள், தொடையிடுக்குத் தையல் முனகினால் தையல்காரரிடம் திரும்பப் போங்கள். பத்து அங்குல ஹீல்ஸில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் எம்மாவாகத் தெரியவே மாட்டார், முகம் காட்டிக்கொடுத்துவிடும். கேமராமேனைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று தெரிந்ததும் வெளிப்படையாகச் சண்டை போட்டு உயர்த்தி வாங்கியவர் ரிக், அந்தக் காலத்தில் அதற்காக நிறையத் திட்டும் வாங்கினார். அந்த மனுஷியின் நடையும்தான் திரையில் தெரிகிறது.

கடைசியாகப் பழைய அசல் துணி வாங்க நினைக்கிறவர்களுக்கு. இந்த உடைகள் வெறும் செட் உடைகளாக முடிந்துவிடவில்லை. 1965-லேயே ‘அவெஞ்சர்வேர்’ என்ற பெயரில் பல தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்துக் கடைக்கே கொண்டுவந்தார்கள்: காலணி எட்வர்ட் ரெய்ன், ராணிக்குச் செருப்புச் செய்த அதே ரெய்ன், பெரே தொப்பி காங்கோல், இப்படி. நாயகி போட்ட உடையைப் பார்வையாளர் அப்படியே வாங்கலாம் என்பது அன்றைய டிவிக்குப் புதுசு. அதனால் அசல் துண்டுகள் உலகில் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் இணையத்தில் ‘எம்மா பீல், ஜான் வாரோன்’ என்று போட்டு விற்பவற்றில் கணிசமானவை தரையைத் தொடும் நீள மேக்ஸி கவுன்கள். லேபிள் உண்மையாகவே இருக்கும், பொய் இல்லை. ஆனால் மார்புக்குக் கீழே வெட்டு வைத்த அந்த நீள கவுன்களைப் பேட்ஸ் எழுபதுகளில் ஏராளமாகச் செய்தார், அவற்றுக்கும் தொடருக்கும் சம்பந்தம் இல்லை. விற்பவரிடம் உயரத்தை அங்குலத்தில் கேளுங்கள், ஓர மடிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளவையும் எண்ணை வைத்து நம்பாதீர்கள், அந்தக் காலத்து 12 இன்றைய 12-ஐவிட ரொம்பச் சின்னது. மார்பு, இடுப்பு சுற்றளவைக் கேட்டு வாங்குங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லாத ஆளிடம் வாங்கவே வேண்டாம்.